லேக் வியூ ரோட்டில் ஏரி எங்கே? நகரம் மாறும் விதமும் நல்ல நகரத்தின் அடையாளமும்

சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. மருந்துக் கடை, மளிகைக் கடை, அடுக்குமாடி வீடுகள், இரண்டு பக்கமும் நிறுத்திவைத்த பைக்குகள், நடுவில் ஹாரன் அடித்துக்கொண்டு ஆட்டோக்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தாலும் ஏரி என்று ஒன்று கண்ணில் படாது. அந்தப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்கள் என்றைக்காவது ஒரு நாள் கேட்டுவிடுவார்கள்: "ஏரி எங்கே?"

சின்ன வயதில் நானும் அப்பாவிடம் கேட்டேன். "தி.நகரே ஒரு காலத்துல ஏரிதான்" என்றார். எனக்குப் புரியவில்லை. பனகல் பார்க், பாண்டி பஜார், ரங்கநாதன் தெரு, இவ்வளவும் எப்படித் தண்ணீராக இருந்திருக்க முடியும்?

இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீண்டு கிடந்த ஏரி அது. ஆங்கிலேயர்கள் அதை லாங் டேங்க் என்று எழுதிவைத்தார்கள். அந்தக் காலத்தில் சென்னையின் மேற்கு எல்லையே அந்தத் தண்ணீர்தான். 1923-ல், நீதிக்கட்சி ஆட்சியில், ஏரியை வடித்துப் புதுக் குடியிருப்பு போடத் தொடங்கினார்கள். அதற்கு அந்தக் கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை வைத்தார்கள். நடுவில் அமைந்த பூங்காவுக்கு அன்றைய சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி பனகல் அரசரின் பெயர். உஸ்மான் ரோடு, ஜி.என். செட்டி ரோடு, நடேசன் பூங்கா, பாண்டி பஜாருக்கு அதிகாரப்பூர்வமாக இருக்கும் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்ற பெயர் எல்லாமே அந்த இயக்கத்து ஆட்கள்தான்.

நூறு வருடத்துக்குள் ஏரி மனையாகி, மனை வீடாகி, வீடு கடையாகி, கடைக்கு மேல் கடை ஏறிவிட்டது. நகரம் எப்படி மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து கிடையாது. அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் மாம்பலத்தையும் தி.நகரையும் சுற்றியே வரப்போகிறேன்.

யார் மாற்றுகிறார்கள்?

நகரத்தை அரசாங்கம் மாற்றுகிறது என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. ஏரியைத் தூர்த்தது அரசாங்கம். ஆனால் ரங்கநாதன் தெருவைக் கடைத்தெருவாக ஆக்கும்படி எந்த அரசும் ஆணை போடவில்லை. அது எப்படி நடந்தது என்று பார்த்தால் ஒரு சின்ன விஷயம் புலப்படும்.

1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. வழியில் மாம்பலம் ஒரு ஸ்டேஷன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நேர் எதிரே ஒரு சின்னக் குடியிருப்புத் தெரு. அதில் நடந்தால் உஸ்மான் ரோடு. குரோம்பேட்டை, தாம்பரம், பிற்பாடு செங்கல்பட்டு வரையிலிருந்து வருகிற எல்லாரும் அந்த ஒரு தெரு வழியாகத்தான் தி.நகருக்குள் நுழைய வேண்டும். ஒரு நாளைக்கு அத்தனை ஆயிரம் பேர் ஒரு வீட்டு வாசலைத் தாண்டிப் போனால் அந்த வீட்டுக்காரருக்கு என்ன தோன்றும்? திண்ணையை ஒரு கடைக்கு வாடகைக்கு விடலாமே என்று தோன்றும். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்ப்பார். கொஞ்ச நாளில் வீட்டு வாடகையைவிடக் கடை வாடகை பல மடங்காகிவிடும். அதற்கப்புறம் அங்கே குடியிருப்பதே நஷ்டம். வீட்டை விற்றுவிட்டோ வாடகைக்கு விட்டுவிட்டோ வேறு பக்கம் போய்விடுவார்கள்.

நகரம் மாறுவதன் அடிப்படை இதுதான். மனிதர்கள் எங்கே எளிதாக வந்துபோக முடிகிறதோ அங்கே நிலத்தின் மதிப்பு ஏறும். மதிப்பு ஏறிய நிலத்தில் பழைய பயன்பாடு நிலைக்காது. ஆயிரக்கணக்கான பேர் தனித்தனியாக எடுக்கும் முடிவுகள் சேர்ந்து ஒரு தெருவின் குணத்தை மாற்றிவிடும். அந்த முடிவுகளுக்குக் காரணமான ரயிலையோ சாலையையோ கொண்டுவந்தது அரசாக இருக்கும். விளைவு யாரும் வரைபடத்தில் போடாத ஒன்றாக இருக்கும்.

ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், மேற்கு மாம்பலத்தில், கதை வேறு மாதிரிப் போனது. அதே ஸ்டேஷன்தான், அதே தூரம்தான். ஆனால் பெரிய பஸ் ஸ்டாண்டும் அகலமான ரோடும் கிழக்கே இருந்தன. மேற்கில் குறுகலான தெருக்கள், கோயில்கள், ஆரிய கௌடா ரோட்டில் அயோத்தியா மண்டபம், மெஸ்கள், ஊறுகாய்க் கடைகள். நடுவில் இருப்பது ஒரு ரயில் தண்டவாளம் மட்டும். ஒரு பக்கம் ஊருக்கே கடைத்தெரு, இன்னொரு பக்கம் இன்னும் ஆட்கள் குடியிருக்கும் பேட்டை. போக்குவரத்து ஒரு இடத்தை எவ்வளவு தூரம் செதுக்கும் என்பதை ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். 2023-ல் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை ஆகாய நடைபாலம் திறந்தார்கள், அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். கீழே ரங்கநாதன் தெருவில் கால் வைக்காமலே இப்போது பஸ் பிடித்துவிடலாம். இன்னும் இருபது வருடத்தில் இது அந்தத் தெருவை என்ன செய்யும் என்று பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது.

ஒரு கிரவுண்டும் எஃப்.எஸ்.ஐ.யும்

நிலத்தின் மதிப்பு ஒரு பக்கம் தள்ளினால், விதிகள் இன்னொரு பக்கம் பிடித்து இழுக்கும். இதில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு சொல் எஃப்.எஸ்.ஐ. தமிழில் தளப் பரப்புக் குறியீடு என்று எழுதுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, வெறும் பெருக்கல் கணக்கு.

சென்னையில் மனையைக் கிரவுண்டு கணக்கில் சொல்வோம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் அந்த மனையில் எல்லா மாடிகளையும் சேர்த்து 4,800 சதுர அடி வரை கட்டலாம். 1.5 என்றால் 3,600. சென்னையில் சாதாரணக் கட்டடங்களுக்கு நீண்ட காலம் 1.5-தான் இருந்தது. 2019-ல் வந்த புதிய கட்டட விதிகள் அதை 2 ஆக்கின. கேட்பதற்கு அரைப் புள்ளி மாதிரி இருக்கும். அதே மனையில் 1,200 சதுர அடி கூடுதலாகக் கிடைக்கிறது. அதாவது ஒரு வீடு கூடுதலாக. ஒரு தெருவில் முப்பது மனை இருந்து அத்தனையும் இடித்துக் கட்டப்பட்டால், முப்பது குடும்பம் கூடுதலாக வரும். அவர்களுக்குத் தண்ணீர், கழிவுநீர், குப்பை, பள்ளி, பைக் நிறுத்த இடம் எல்லாம் வேண்டும்.

இங்கே அடர்த்தி, நெரிசல் என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். நிறைய பேர் இரண்டும் ஒன்று என்று நினைத்து, "ஃபிளாட் வந்து ஊரே கெட்டுப்போச்சு" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஒரு கீரைக்காரர் தள்ளுவண்டியில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தெருவில் பத்து பெரிய பங்களாக்கள்தான் இருக்கின்றன என்றால் அவர் வண்டியைத் திருப்பமாட்டார், கட்டுப்படியாகாது. அதே தெருவில் நூறு வீடு இருந்தால் தினமும் வருவார். பஸ்ஸும் அப்படித்தான், மருந்துக் கடையும் அப்படித்தான், சின்ன நர்சரிப் பள்ளியும் அப்படித்தான். பக்கத்தில் போதுமான ஆட்கள் இருந்தால்தான் இவை பிழைக்கும். இதுதான் அடர்த்தி. இது நகரத்துக்கு உயிர்.

நூறு வீடு வந்த பிறகும் பத்து வீட்டுக்குப் போட்ட சாக்கடைக் குழாயே கிடந்தால், வீட்டுக்கு இரண்டு வண்டி வீதம் தெருவில் நின்றால், வாரத்துக்கு மூன்று முறை தண்ணீர் லாரி வந்து வழியை அடைத்தால், அது நெரிசல். ஆட்கள் கூடியது குற்றமில்லை. ஆட்களோடு சேர்ந்து வர வேண்டியவை வரவில்லை.

அம்மாவின் நாற்பது நிமிடம்

சரி, நல்ல இடம் என்றால் என்ன? பெரிய பெரிய அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள், உலக நகரங்களை வரிசைப்படுத்திப் பட்டியல் போடுகிறார்கள். நான் ஒரே ஒரு அளவுகோலைத்தான் நம்புகிறேன். என் அம்மாவிடமிருந்து கற்றது.

மாம்பலத்தில் இருந்தபோது அம்மா காலை ஆறு மணிக்குக் கிளம்புவார். முதலில் பால் பூத். அங்கிருந்து எண்ணி ஐம்பது தப்படியில் பூக்காரம்மா. இரண்டு முழம் கதம்பம். பிறகு பிள்ளையார் கோயில். திரும்பும்போது கீரை, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை கொசுறு. தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரரிடம் "நேத்து கொடுத்த புடவை ஆச்சா" என்று ஒரு விசாரிப்பு. மருந்து தீர்ந்திருந்தால் மருந்துக் கடை. மொத்தம் நாற்பது நிமிடம். அதற்குள் குறைந்தது எட்டுப் பேரிடம் பேசியிருப்பார். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு முட்டி வலி, எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். எழுபதை நெருங்கும் வயது, யாருடைய துணையும் வேண்டியதில்லை.

பிறகு வீட்டை இடித்துக் கட்டக் கொடுத்துவிட்டு, என் வேலையை ஒட்டிப் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு பெரிய குடியிருப்பு வளாகத்துக்கு இரண்டு வருடம் குடிபோனோம். நல்ல வீடு. காற்று வரும், லிஃப்ட் இருக்கும், உள்ளேயே பூங்கா. ஆனால் வளாகத்தின் கேட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல். வழியில் நடைபாதை இல்லை, மர நிழல் இல்லை, தண்ணீர் லாரிகள் உரசிக்கொண்டு போகும். கறிவேப்பிலை வாங்க ஆட்டோ பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் போனில் ஆர்டர் செய்ய வேண்டும். முதல் மாதம் அம்மா இரண்டு முறை தனியாக வெளியே போனார். மூன்றாவது மாதம் போவதையே விட்டுவிட்டார். ஒரு நாள் பால்கனியில் நின்றுகொண்டு சொன்னார்: "வீடு நல்லாத்தான் இருக்கு. வெளியதான் ஒண்ணுமில்ல."

அன்றிலிருந்து எந்த இடத்தைப் பார்த்தாலும் என் மனதில் எழும் கேள்வி இதுதான்: எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயது அம்மாவும் யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போய், வேண்டியதை வாங்கிக்கொண்டு, பத்திரமாகத் திரும்பிவர முடியுமா? முடியும் என்றால் அது நல்ல இடம். பாரிஸ் நகர நிர்வாகம் 2020-லிருந்து 'பதினைந்து நிமிட நகரம்' என்ற பெயரில் ஏறக்குறைய இதையே கொள்கையாக எடுத்துக்கொண்டது. பள்ளி, கடை, மருத்துவர், பூங்கா எல்லாம் வீட்டிலிருந்து கால்மணி நேர நடையிலோ சைக்கிளிலோ எட்ட வேண்டும் என்பது அதன் சாரம். மயிலாப்பூர் மாட வீதிகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. தேரோடும் வீதி, குளம், சந்தை, வீடு எல்லாம் ஒரே நடைக்குள்.

இந்த நடை சாத்தியமாக வேண்டும் என்றால் வீடும் கடையும் கலந்திருக்க வேண்டும். நகரத் திட்டமிடலில் இதைக் கலப்புப் பயன்பாடு என்பார்கள். கீழே தையல் கடை, மேலே வீடு. இதற்கு நேர் எதிரானது, அலுவலகத்துக்கு ஒரு இடம், குடியிருக்க ஒரு இடம், கடைக்கு ஒரு இடம் என்று ஊரைக் கூறுபோட்டு வைப்பது. சாயப் பட்டறையையும் ரசாயனத் தொழிற்சாலையையும் வீடுகளிலிருந்து தள்ளிவைப்பதில் நியாயம் இருக்கிறது. இட்லிக் கடையைத் தள்ளிவைப்பதில் என்ன நியாயம்? 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் வந்த பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுக அலுவலகங்கள் எழுந்தன. வேலைகள் வந்தன, அது நல்லதுதான். ஆனால் வேலை ஒரு இடத்திலும் வாழ்க்கை இன்னொரு இடத்திலும் இருந்தால் காலையில் ஊரே ஒரு திசையில் போகும், சாயங்காலம் ஊரே எதிர்த்திசையில் திரும்பும். இரண்டு நேரமும் ரோடு திணறும், நடுவில் வெறிச்சோடும்.

கலந்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. திண்ணை இருந்த தெருவில் திருட்டு பயம் குறைவு என்று பெரியவர்கள் சொல்வார்கள். காரணம் எளிது. யாராவது எப்போதும் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். இன்றைக்குத் திண்ணை போய்விட்டது. புது ஃபிளாட்டின் தரைத்தளம் முழுக்கத் தூண்களும் கார்களும், அதற்கு முன்னால் ஆளுயரக் காம்பவுண்டுச் சுவர். அப்படிப்பட்ட இருபது கட்டடங்கள் வரிசையாக நின்றால் தெருவைப் பார்க்க ஒரு கண் கூட மிஞ்சாது. நடுவில் ஒரு டீக்கடை இருந்தால் போதும், இரவு பத்து மணி வரைக்கும் அந்தத் தெருவில் ஒரு பெண் தைரியமாக நடந்துவருவாள். டீக்கடையை இடைஞ்சல் என்று புகார் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆறடி நடைபாதை

நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு வாசலில் தொடங்கி, நடைபாதை மேலேயே நூறு தப்படி நடக்கப் பாருங்கள். எத்தனை முறை ரோட்டில் இறங்க வேண்டி வருகிறது என்று எண்ணுங்கள்.

நான் எங்கள் தெருவில் எண்ணினேன். ஏழு முறை. முதலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அடுத்து, ஒரு வீட்டு கேட்டிலிருந்து கார் இறங்குவதற்காகப் போட்ட சிமென்ட் சரிவு. நடைபாதையை அது குறுக்கே வெட்டிவிட்டது. பிறகு மூன்று பைக்குகள். பிறகு மின் பில்லர் பாக்ஸ், கதவு பாதி திறந்து தொங்கிக்கொண்டு. பால் பூத்துக்கு முன்னால் சரியாக அந்தப் பெட்டிதான். அப்புறம் மூடி உடைந்த கால்வாய்க் குழி, மேலே யாரோ அக்கறையாக ஒரு மரக்கிளையை நட்டு வைத்திருந்தார்கள். கட்டடம் கட்டும் இடத்து ஜல்லிக் குவியல். கடைசியில் நடைபாதையே முடிந்துவிட்டது. ஏழு முறையும் ரோட்டில் இறங்கும்போது பின்னால் என்ன வண்டி வருகிறது என்று திரும்பிப் பார்க்க வேண்டும். முட்டி வலிக்காரருக்கு ஒவ்வொரு இறக்கமும் ஏற்றமும் ஒரு தண்டனை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு முதல் தடையோடு பயணம் முடிந்தது.

நடைபாதையில் நடப்பதற்கான தெளிவான இடம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறடி, இருக்க வேண்டும் என்று, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டு நெறி சொல்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே உரசாமல் போகும் அகலம். சென்னை மாநகராட்சி 2014-ல் ஒரு நல்ல கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியாவிலேயே ஒரு நகரம் இப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை என்று பெயர். போக்குவரத்துக்குச் செலவிடும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணத்தின் பெரிய சாட்சி பாண்டி பஜார். 2019 நவம்பரில் அங்கே ரோட்டைச் சுருக்கி, நடைபாதையை விரித்து, உட்காரப் பலகைகள் போட்டுத் திறந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். தாத்தாக்கள் உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள், எதையும் வாங்காமல் சும்மா இருக்க ஒரு இடம் தி.நகருக்குள்ளேயே கிடைத்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு குறை உண்டு. அந்தத் தெருவுக்கு அழகே நடைபாதைக் கடைகள்தான். தோடு, வளையல், ரிப்பன், பின்னூசி. அந்த வியாபாரிகளில் பலரை முன்பே ஒரு கட்டடத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். நடப்பவர்களுக்கு ஆறடி விட்டது போக மிச்சமிருக்கும் அகலத்தில் அவர்களுக்கும் ஒரு வரிசை கொடுத்திருக்கலாம்.

ரோட்டைச் சுருக்கினால் வண்டி நெரிசல் கூடாதா என்று கேட்பீர்கள். ரோட்டை அகலப்படுத்தினால் நெரிசல் குறையும் என்பதே கொஞ்ச நாளைக்குத்தான் உண்மை. அகலமான ரோட்டைப் பார்த்ததும், இதுவரை ரயிலில் போனவர் வண்டி எடுப்பார், தூரத்தில் வீடு வாங்கலாம் என்று இன்னொருவர் நினைப்பார், புது வளாகங்கள் எழும். சில வருடத்தில் ஆறு வழிச் சாலையும் பழையபடி நிரம்பிவிடும். பானையைப் பெரிதாக்கினால் சோறும் கூடுதலாகப் பொங்குகிற கதை. ஒரு பஸ் நிற்கிற நீளத்தில் மூன்று கார் நிற்கும். மூன்று காரில் நான்கைந்து பேர் இருப்பார்கள். பஸ்ஸில் அறுபது பேர். எந்த ஊர் பஸ்ஸுக்கு வழிவிடுகிறதோ அந்த ஊரில்தான் காருக்கும் வழி கிடைக்கும்.

யாருக்கு நல்ல இடம்?

இது கட்டுரையில் எழுதக் கஷ்டமான பகுதி. ஒரு இடம் நல்லதாக ஆக ஆக அங்கே விலை ஏறும். விலை ஏறினால் முதலில் வெளியேறுவது யார்? அந்த இடத்தை நல்லதாக ஆக்கியவர்களே. இஸ்திரிக்காரர், பூக்காரம்மா, வீட்டு வேலைக்கு வருகிற அக்கா.

சென்னையில் இது விலையால் மட்டும் நடக்கவில்லை. கூவம், அடையாறு கரைகளிலும் மற்ற இடங்களிலும் குடிசை போட்டிருந்தவர்களை 2000-லிருந்து கண்ணகி நகருக்கும், அதன் பின் பெரும்பாக்கத்துக்கும் மாற்றினார்கள். கல் வீடு கொடுத்தார்கள், உண்மை. ஆற்றங்கரையில் வெள்ள அபாயம் இருந்தது, அதுவும் உண்மை. ஆனால் மயிலாப்பூரிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த ஒரு பெண்ணுக்கு, இருபது கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்த வீடு என்ன செய்யும்? காலை ஐந்து மணிக்குப் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஆளில்லை, கடைசியில் இரண்டு வீட்டு வேலை போய்விடும். என் அம்மாவுக்குக் கறிவேப்பிலை எட்டாமல் போனது. இவர்களுக்குப் பிழைப்பே எட்டாமல் போனது. வீடு என்பது நான்கு சுவரோடு முடிந்துவிடுவதில்லை. அங்கிருந்து எதையெல்லாம் எட்ட முடிகிறது என்பதும் சேர்ந்ததுதான் வீடு.

2021-ல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோது, அதை ஒரு சலுகை என்று மட்டும் பார்த்தவர்கள் நிறைய. எனக்கு அது நகரத் திட்டமிடலாகவே பட்டது. ஒரு மேம்பாலமும் கட்டாமல், கண்ணகி நகரிலிருக்கும் ஒரு பெண்ணுக்கு ஊரை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்தது அது.

தண்ணீர் மறக்கவில்லை

மறுபடியும் ஏரிக்கு வருவோம். ஏரியை வடித்தார்கள், ஆனால் நிலத்தின் சரிவை யாராலும் மாற்ற முடியவில்லை. நுங்கம்பாக்கம் பக்கமிருந்து வரும் மழைநீர் இன்றும் தி.நகர் வழியாகத்தான் அடையாற்றை நோக்கிப் போகிறது. அதற்கு மிச்சமிருக்கும் வழி மாம்பலம் கால்வாய். நாம் பெரும்பாலும் அதைச் சாக்கடை என்றே அழைக்கிறோம். மாம்பலம் ஒரு காலத்தில் கொசுவுக்குப் பேர்போனது என்றால் அதற்குக் காரணமும் இந்தத் தாழ்வான நிலம்தான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியது. 2021 நவம்பரில் ஆறு பெருகாமலே தி.நகர்த் தெருக்களில் தண்ணீர் நின்றது. துரைசாமி சப்வே ஒவ்வொரு பெருமழைக்கும் மூழ்குகிறது. இதே ஊரில் 2019 கோடையில் குடிநீர் ஏரிகள் வறண்டு, குடத்தோடு தெருவில் நின்றோம். வெள்ளமும் வறட்சியும் ஒரே வியாதியின் இரண்டு அறிகுறி. மழையைத் தேக்கிவைக்க இடம் விடவில்லை.

நகரத்தின் தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இந்த வேலையைத்தான் செய்துவந்தது. சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீரை வாங்கி, பஞ்சு மாதிரி பிடித்து வைத்து, மெதுவாகக் கடலுக்கு அனுப்பும். குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் சாலைகளும் சேர்ந்து அதன் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. மிஞ்சியதற்கு 2022-ல் ராம்சர் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. நல்லது செய்த கதையும் உண்டு. 2003-ல் தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அந்த வருடம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழி வெட்டிக் கூழாங்கல் கொட்டினார்கள். அடுத்து நல்ல மழை பெய்தபோது, பல வருடமாகக் கயிறு எட்டாத எங்கள் கிணற்றில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது. அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். இன்றைக்கு அந்தக் குழிகளில் பாதி மண் மூடிக் கிடக்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், திறந்து தூர்வார அரை நாள் வேலைதான். உங்கள் கட்டடத்தில் அது எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் இந்த வாரமே தேடிக் கண்டுபிடியுங்கள்.

ஒரு சின்னக் கூட்டம்

2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. இருநூறு வார்டுகள். இவ்வளவு பெரிய ஊரில் ஒரு தெருவின் பிரச்சினையை யாரிடம் சொல்வது என்பது நியாயமான கேள்வி. கிராமத்தில் கிராம சபை இருப்பது எல்லாருக்கும் தெரியும். நகரத்திலும் வார்டைச் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து ஏரியா சபை என்று ஒன்று வந்துவிட்டது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் அந்தக் கூட்டங்கள் தொடங்கின. இதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் கம்மி.

கட்டட வேலை முடிந்து நாங்கள் மாம்பலத்துக்கே திரும்பிவிட்டோம். முதல் நாள் காலை பூக்காரம்மா அம்மாவைப் பார்த்து, "எங்கம்மா போயிட்டீங்க இத்தினி நாளா?" என்று கேட்டுக்கொண்டே அரை முழம் கூடுதலாக அளந்தார். அதற்கப்புறம் நடந்த ஒரு ஏரியா சபைக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். சமுதாயக் கூடத்தில் முப்பது நாற்காலி, பாதிதான் நிரம்பியிருந்தது. மேம்பாலம், மெட்ரோ என்று சிலர் பெரிய பெரிய விஷயங்களைப் பேசினார்கள். அம்மாவின் முறை வந்தபோது எழுந்து, பால் பூத்துக்கு முன்னால் இருக்கும் பில்லர் பாக்ஸைச் சுவரோரம் நகர்த்த முடியுமா, தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு பெஞ்ச் போட முடியுமா என்று கேட்டார். பெஞ்ச் எதற்கு என்று கேட்டார்கள். "கீரை வாங்கிட்டு வர்றப்ப கொஞ்சம் உக்காந்துட்டு வரலாமில்ல" என்றார். நோட்டில் குறித்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்து, வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்தார்.